ஆதிக்குறிச்சி மேட்டில் விழுந்த இரும்புக் கட்டம்

அங்கயற்கண்ணி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெறும் சட்டமாக இருக்கும் தன் இரும்புக் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குப் பின்னால் வீசியெறிந்து, அது ணங்கென்று விழுந்த இடத்தில் மண்டியிட்டு, மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று மண்ணில் மூக்கு உரசும்படி குனிந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லி, எழுதிக்கொண்டு போன இடத்தில் மறுநாள் காலையில் புல் முளைத்திருந்தது. கட்டத்தின் அளவுக்கு, ஒரு விரற்கடை கூடாமல் குறையாமல், முழங்கால் உயரத்துக்கு நின்றது. முதலில் பார்த்தவை ஆதிக்குறிச்சி ஆடுகள். அவை யோசிக்கவில்லை, தின்றன. அடுத்துப் பார்த்தவள் ஆடுகளை ஓட்டிவந்த சிந்தாமணி. அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மாரியாத்தா புண்ணியம் என்று சொல்லிக்கொண்டு, ஆடுகள் விட்டுவைத்த ஓரத்தில் புல்லோடு முளைத்திருந்த கீரையைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கடைந்துவிட்டாள்.

அந்த மேட்டில் அதுவரைக்கும் ஒரு காக்கை நின்று இளைப்பாறியது கிடையாது. பழுப்பு நிலக்கரிக்காக ஊரைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டு, மண்ணைத் தோண்டி, கரியை எடுத்து, எடுத்த மண்ணையெல்லாம் குழிக்குள் திருப்பிக் கொட்டி, மிஞ்சியதை மேலே குவித்து உண்டான மேடு அது. மேலே இருந்த வண்டல் அடியில் போய்விட்டது. சூரியனையே பார்த்திராத அடிமண் மேலே வந்து, இங்கே சாம்பல் நிறமும் அங்கே செங்கல் நிறமுமாக, என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது. கம்பெனி அதில் மூன்று தடவை மரக்கன்று நட்டது, மூன்று தடவையும் கன்று கருகியது. நட்டவர்கள் சிந்தாமணியும் அவளோடு கூலிக்குப் போன பெண்களும்தான். அவர்கள் கைராசியில் குறை சொல்ல முடியாது. அவர்கள் வீட்டுக் கொல்லையில் குச்சியை ஊன்றினால் முருங்கை வரும்.

மூடிய சுரங்கத்தின் மேல் செடிகொடி பிழைத்துவிட்டதா என்று அளந்து சொல்வது அங்கயற்கண்ணியின் உத்தியோகம். மதுரைக்காரர். ஊர் ஊராகப் போய், மேடு மேடாக ஏறி, கட்டத்தை வீசி, விழுந்த இடத்தைப் பார்த்து, கடைசியில் ஒரு வார்த்தை எழுத வேண்டும். நிலம் தேறியது, அல்லது தேறவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் தேறவில்லை என்றுதான் எழுதிக்கொண்டு வருகிறார். வஞ்சமெல்லாம் இல்லை, போன இடமெல்லாம் அப்படித்தான் இருந்தது. ஊர்ப்பட்ட கன்றை நட்டு, பெயர்ப்பலகையும் வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்ற மறந்த மேடுகள். கட்டம் விழும் ணங் என்ற சத்தத்திலேயே அவருக்குப் பதில் தெரிந்துவிடும். மண் செத்த இடத்தில் இரும்பு அப்படித்தான் கத்தும். சுரங்கக் கம்பெனிக்காரர்கள் அவருக்கு ஃபெயில் மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆடி மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவையாவது தேறியது என்று எழுதிவிட வேண்டும், அதுவும் பொய்யில்லாமல் எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேறு ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை, நல்ல டிகிரி காப்பியைத் தவிர.

கடைசி வேலை என்பதால் ஆதிக்குறிச்சி மேட்டுக்கு மட்டும் தையிலிருந்து ஆடிவரை தவணை கொடுத்திருந்தார்கள். மற்ற இடமென்றால் ஒரே நாள், அத்தோடு பஸ் ஏறிவிடுவார். இந்த மேடு தேறினால் ஊர்ப்பொது மேய்ச்சல் நிலமாக ஆதிக்குறிச்சிக்குத் திரும்பி வரும். தேறாவிட்டால் அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்ட எடுத்துக்கொள்வார்கள். அது ஊருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சிந்தாமணி வீட்டு முன்னறையில்தான் குடியிருந்தார். வந்த அன்றைக்கே சிந்தாமணி காப்பியைக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“புள்ளைங்க எத்தினிம்மா?”

“இல்லை.”

சிந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்பிடி பொசுக்குன்னு சொல்லாதீங்கம்மா. வௌக்கு வைக்கிற நேரம்.”

“இல்லாததை இல்லைன்னு சொல்றதுக்கு நேரமென்ன காலமென்ன?”

“நாங்க சொல்ல மாட்டோம்மா.”

உண்மைதான், அவர்கள் சொல்ல மாட்டார்கள். அரிசிப் பானையைத் தட்டிக் கவிழ்த்தாலும் ஆதிக்குறிச்சிப் பெண்கள் அரிசி நெறஞ்சிருக்கு என்பார்கள். வளையல் உடைந்தால் பெருகிப்போச்சு. விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிர வைப்பார்கள். யாரும் வீட்டைவிட்டுப் போக மாட்டார்கள், போயிட்டு வருவார்கள். இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான், ஆனால் ஊரையே பறிகொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பயம் கொஞ்சம் ஜாஸ்தி. மளிகைக்கடை அமிர்தலிங்கம் கடையில் சீனி தீர்ந்து பத்து நாளானாலும் நாளைக்கு வருது என்பாரே தவிர வேறு பேச்சுக் கிடையாது. மாரியம்மனுக்கு ஒரு தேர் இருந்தது. ஊரைத் தூக்கியபோது புது ஊர்த் தெருவில் திரும்பாது என்று அதைப் பிரித்துப்போட்டு, மரமெல்லாம் போன இடம் தெரியாமல் போய், வடம் மட்டும் கோயில் கொட்டகையில் கிடந்தது. வருசா வருசம் பங்குனியில் அந்த வடத்துக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். தேர் எங்கே என்று வெளியூர்க்காரன் யாராவது கேட்டால் தனவேல் பூசாரி முகத்தை மாற்றாமல், தேரு ஓய்வுல இருக்கு என்பார்.

மாசி பிறந்தபோது மேட்டில் அங்கங்கே பச்சை பச்சையாகச் சதுரங்கள் விழுந்து, தூரத்திலிருந்து பார்க்க ஒட்டுப்போட்ட கைலி மாதிரி இருந்தது. ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. மேற்குப்பக்கத்துச் சதுரங்கள் ஆட்டுக்கு, கிழக்குப்பக்கத்துச் சதுரங்கள் அடுப்படிக்கு என்று பஞ்சாயத்தில் பேசி முடித்தார்கள். சதுரத்துக்குள் செருப்புக்காலோடு ஏறக்கூடாது என்று தனவேல் பூசாரி சொன்னார், எந்தச் சாஸ்திரப்படி என்று யாரும் கேட்கவில்லை. சந்தையில் கட்டக்கீரை என்ற பெயரில் அது விற்றது, டவுன் பெண்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள், புளி போடாமலே குழம்பு ருசிக்கிறது என்றார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் ஒரு சதுரத்துக்குள் முழங்காலை மடக்கி நெருக்கியடித்து உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற வயர்மேன் ஒருவர் தன் வழுக்கைக்கும் ஒரு வழி பண்ணச் சொல்லி அங்கயற்கண்ணியை நச்சரித்து, அவர் ஆளைத் தொலைத்தால் போதுமென்று கட்டத்தை வயர்மேன் காலைச் சுற்றி வைத்து, “முடி இல்லை, போதுமா?” என்று எரிந்து விழ, மறுநாள் அவர் நின்ற இடத்தில் கறுகறுவென்று கோரை அடர்ந்து நின்றது. தலையில் வரவில்லையே தவிர வந்தது வந்ததுதான் என்று வயர்மேன் அதைத் தன்னுடையதாகவே பாவித்து, மாதம் ஒரு தடவை போய் நுனி வெட்டிவிட்டு வந்தார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், அங்கயற்கண்ணி ஒருத்தரைத் தவிர. அவர் போட்ட கட்டமெல்லாம் பச்சை. போடாத இடமெல்லாம் பழையபடி பொட்டல். தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாகப் புல் முளைத்த நிலத்தை அளந்திருக்கிறார், ஆனால் அவர் அளந்ததால்தான் அது முளைத்திருக்கிறது. அலுவலகத்திலிருந்து மண்டல அதிகாரி போன் செய்தார்.

“மேடம், சாம்பிள் எல்லாம் பச்சைன்னு சொல்றீங்க. விதிப்படி சாம்பிள் பாஸ்னா நிலம் பாஸ். எழுதிவிட்டுட்டு நிம்மதியா ரிட்டயர் ஆவுங்க.”

“விருந்தாளி உட்கார்ற எடத்தை மட்டும் கூட்டிவச்ச வீடு சார் இது. சுத்தமா இருக்குன்னு எப்படி எழுதுறது?”

“விருந்தாளி நீங்கதானே மேடம்?”

“அதான சார் சிக்கல்” என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வார்த்தைதான், நாலே எழுத்து, எழுதினால் ஊருக்கு நிலம், அவருக்கு நிம்மதி, யாரும் வந்து குனிந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் இத்தனை வருசமாகக் குனிந்து பார்த்தவர் அவர். மேடு முழுக்கக் கட்டம் போட்டு முடிக்கலாமென்றால் ஏழு பிறவி எடுக்க வேண்டும்.

கவலையைக் கேட்ட சிந்தாமணி, “இதுக்கா மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க? ஊரே சேந்து கட்டம் போட்டுட்டுப் போவுது” என்றாள். சொன்னபடியே ஊர் கிளம்பியது. இரும்புக் கட்டம் ஒன்றுதான் இருந்தது என்பதால் கட்டில் சட்டம், ஜன்னல் சட்டம், கேரம்போர்டு விளிம்பு, சாமி படத்தின் மரச்சட்டம் எல்லாம் மேட்டுக்கு ஏறின. அங்கயற்கண்ணி செய்கிறபடியே கண்ணை மூடினார்கள், தோளுக்குப் பின்னால் வீசினார்கள், ஒரு ஜன்னல் சட்டம் அமிர்தலிங்கத்தின் முதுகில் விழுந்து அவர் ஒரு வாரம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். மண்டியிட்டார்கள், கண்ணாடி இல்லாதவர்களும் கண்ணாடியைத் துடைப்பதுபோல் துடைத்தார்கள், குனிந்து பார்த்தார்கள், வாய்விட்டுச் சொன்னார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு இணுக்குப் புல் கிடையாது. இரும்புதான் வேண்டும் போல என்று கொல்லரிடம் இரும்பிலேயே செய்து வாங்கி வந்தார்கள், அதிலும் வரவில்லை. கைராசி என்றார்கள், மதுரை மீனாட்சி பேரைக் கொண்டவர் என்பதால் என்றார்கள். அங்கயற்கண்ணிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது.

சிந்தாமணியின் புருசன் கொளஞ்சி பொறுமைசாலி, அதாவது வேலைவெட்டிக்குப் போகாமல் ஒரே இடத்தில் நெடுநேரம் இருக்கக்கூடியவன். வீட்டுக் கட்டிலைப் பிரித்து அதன் சட்டத்தை மேட்டில் போட்டுவிட்டு, தினமும் காலையில் போய் அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டிருந்தான். கட்டில் இல்லாததால் சிந்தாமணி தரையில் படுத்து இடுப்பு பிடித்துக்கொண்டது. மாசிக் கடைசியில் வெயில் ஏறிய ஒருநாள் ஆடுகள் கத்தக் கத்த மேட்டுக்கு வந்தவள் காதில் கொளஞ்சி சொல்வது விழுந்தது. பொட்டல் மண்ணை ஆசையாகப் பார்த்து, “நெறஞ்சிருக்கு, ஆத்தா, நெறஞ்சிருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஊரில் அத்தனை பேரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். வேறெப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது. மேடும் அதைக் கேட்டுக்கொண்டு, சரி, நிறைந்திருக்கிறது போல என்று சும்மா இருந்துவிட்டது.

சிந்தாமணிக்கு இடுப்பு வலியும் வெயிலும் சேர்ந்து தலைக்கு ஏறியது.

“என்னாத்தய்யா நெறஞ்சிருக்கு? கண்ணு அவிஞ்சா போச்சி? ஒன்னும் இல்லய்யா இங்க! புல்லும் இல்ல, பூண்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. படுக்கக் கட்டிலும் இல்ல. ஒன் மண்டைக்குள்ள இருக்க வேண்டியதும் இல்ல!”

கத்தி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயில் படபடவென்று போட்டுக்கொண்டு, ஆட்டைக்கூட மறந்துவிட்டு, கோயிலுக்கு ஓடிப்போய் மூன்று சுற்றுச் சுற்றினாள். மறுநாள் கட்டில் சட்டத்துக்குள் ஆவாரையும் நாயுருவியுமாக இடுப்பளவுக்கு நின்றது. கொளஞ்சி அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், என் பொண்டாட்டி வாய் அப்படி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

விஷயத்தைக் கேட்ட அங்கயற்கண்ணி மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய இல்லை என்ற சொல்லுக்காக எத்தனை கம்பெனி அலுவலகங்களில் டீ கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள், எத்தனை மேட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு மண்ணைப் பார்க்கக் கூசி எழுந்து வந்திருக்கிறார். இந்த மேடு அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மற்ற மேடுகளில் முளைக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒருவேளை முளைத்திருக்கலாம். அவர் எந்த மேட்டுக்கும் மறுநாள் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. 

இப்போது ஊருக்குப் பெரிய சங்கடம். வழி தெரிந்துவிட்டது, வாய் வரவில்லை. பஞ்சாயத்துக் கூடிப் பேசிப் பேசி, கடைசியில் தனவேல் பூசாரி ஒரு ஏற்பாடு சொன்னார். மேட்டடியில் இருக்கிற மைல்கல்லுக்கு இந்தப்பக்கம் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது, அந்தப்பக்கம் போய்ச் சொன்னால் அது வீட்டைச் சேராது, இறங்கும்போது கால் கழுவிவிட்டு இறங்கினால் போதும். மைல்கல்லைத் தாண்டி முதலில் போனவர் அமிர்தலிங்கம். யாருமில்லாத பக்கமாகப் பார்த்து ஒரு சட்டத்தைப் போட்டுவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, “சீனி இல்ல” என்றார். ஒன்றும் ஆகிவிடவில்லை. தைரியம் வந்து, “பருப்பு இல்ல. கடன் வாங்குனவன் எவனும் கண்ணுல படல. கடைய மூடிட்டு எங்கியாச்சும் போலாமான்னு இருக்குது, போறதுக்கு எடமும் இல்ல” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். முகம் தெளிந்திருந்தது. மறுநாள் அந்த இடத்தில் கீழாநெல்லி படர்ந்திருந்தது.

அப்புறம் தினமும் சாயந்திரம் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மேட்டுக்குப் போனார்கள். மாமியார் ஒரு பக்கமாகவும் மருமகள் இன்னொரு பக்கமாகவும் போனார்கள். வாக்கப்பட்டு வந்து ஒரு வருசமான பெண், எனக்கு இந்த ஊருல ஒருத்தரும் இல்ல என்று சொன்ன இடத்தில் தும்பை வந்தது. அதைப் பறித்துக்கொண்டு போக வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அவளுக்கும் அன்றிலிருந்து சிநேகம். எனக்கு ஒரு குறையும் இல்ல என்று சொல்லிப்பார்த்த பஞ்சாயத்துத் தலைவருக்கு நெருஞ்சி முளைத்தது. ஊரில் சண்டை குறைந்தது, மருந்துக்கடையில் தூக்க மாத்திரை விற்பது குறைந்தது. பங்குனி பாதி தாண்டுவதற்குள் மேட்டில் கால்வாசி பச்சையானது. ஆனால் கால்வாசிதான். மீதிக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் ஆடி வந்துவிடும்.

“பெரிய கட்டமா ஒன்னு போட்டா என்னா?” என்றாள் சிந்தாமணி. “மேட்டச் சுத்தி ஒரே கட்டம்.”

“அவ்வளவு பெரிசுக்கு எதைப் போடுறது?” என்றார் அங்கயற்கண்ணி.

எல்லோரும் கோயில் கொட்டகையைப் பார்த்தார்கள். தனவேல் பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். வடத்தை எடுத்தால் அது தேர் இழுப்பதற்கு அல்ல என்று ஆகிவிடும்.  மூன்றாம் நாள் காலையில் குளித்து, பட்டையாகத் திருநீறு பூசி, கொட்டகைச் சாவியைச் சிந்தாமணி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பங்குனி உத்திரத்தன்று வடம் மேடேறியது. வழக்கம்போல் சந்தனம் குங்குமம் வைத்து, வழக்கத்துக்கு மாறாகத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மேட்டின் ஒரு பக்கத்துக்குக்கூட அது எட்டவில்லை. எட்டாது என்று தெரிந்தேதான் போனார்கள், மீதிக்கு அவரவர் கொண்டுவந்திருந்தார்கள். கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, கொடிக்கயிறு, டிராக்டர்ச் சங்கிலி, பிள்ளைகளுக்குத் தூளி கட்டிய புடவை, பள்ளிக்கூடத்தில் போட்டிக்கு இழுக்கிற கயிறு, அலங்காரத் தாளோடு கூடிய தோரணச் சணல் என்று ஒன்றோடொன்று முடிந்து முடிந்து நாலு மூலையிலும் ஆள் நின்று இழுத்துப் பிடித்து, வளைந்தால் சத்தம் போட்டு நிமிர்த்தி, மதியத்துக்குள் மேட்டைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு முடித்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊரே அதன் ஓரத்தில் நின்றது.

எல்லோரும் அங்கயற்கண்ணியைப் பார்த்தார்கள்.

“நான் சொல்ல மாட்டேன்” என்றார் அவர். “நான் அளக்க வந்தவ. இது உங்க எடம்ல, நீங்கதான் சொல்லணும்.”

கட்டம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் சின்ன விஷயமாகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அமிர்தலிங்கம் தொண்டையைக் கனைத்தார், சீனி என்று சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டார். காற்று அடித்துத் தோரணத் தாள் படபடத்தது. வடத்தின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்த தனவேல் பூசாரிதான் கடைசியில் பேசினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“தேரு இல்ல” என்றார். “ஓய்வுல எல்லாம் இல்ல. இல்ல.”

பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊரு இல்ல என்றார்கள், ஏரி இல்ல என்றார்கள், எங்க வூட்டு வேப்பமரம் இல்ல, பொதச்ச எடம் இல்ல, நெலத்தக் கேட்டப்ப குடுக்குறேன்னு சொன்ன வேல இல்ல, போனவங்க யாரும் வரல என்று கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் குரல் ஓடிச் சுற்றி வந்தது. எனக்கு வேலைக்குப் போவ இஷ்டம் இல்ல என்று கொளஞ்சி சொன்னான், அதுவும் சேர்ந்துகொண்டது. அழுதவர்கள் அழுதார்கள். பிறகு கயிற்றை அவிழ்த்து, தங்கள் தங்கள் கயிற்றை அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டு, மைல்கல்லடியில் கால் கழுவிவிட்டு, கூட்டாஞ்சோறு தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் மேடு முழுக்கப் பச்சை. ஆதிக்குறிச்சிக்காரர்கள் ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போனார்கள். அங்கயற்கண்ணிதான் எழுதவில்லை.

“இன்னும் என்னாம்மா?” என்றாள் சிந்தாமணி.

“ஒரு நாள் பச்சைக்கு நான் எழுத மாட்டேன். ஒரு வெயில் தாண்டட்டும்.”

வெயில் வந்தது. கத்திரி முழுக்க மேடு வாடியது, நுனியெல்லாம் பழுத்தது, அங்கயற்கண்ணி சரியாகத் தூங்கவில்லை, காப்பி கூட ருசிக்கவில்லை. ஆனால் வேர் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனி மழை ஒன்று பெய்ததும் பழுத்ததெல்லாம் துளிர்த்தது. தேனீ வந்தது, காடை வந்தது, காடையைத் தேடிக் கீரிப்பிள்ளை வந்தது, பாம்பும் வந்தது என்று சிந்தாமணி குறைப்பட்டுக்கொண்டாள். யாரும் எதுவும் சொல்லாமலே, தானாக விழுந்த விதையிலிருந்து ஒரு வேப்பங்கன்று வந்திருந்ததை அங்கயற்கண்ணி பார்த்து, அதன் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆடிக்காற்று தொடங்கிய ஒரு காலையில் இரும்புக் கட்டத்தை எடுத்துக்கொண்டு கடைசித் தடவையாக மேடேறினார். ஊரும் பின்னாலேயே வந்தது. கண்ணை மூடினார், தோளுக்குப் பின்னால் வீசினார், காத்திருந்தார்.

ணங் என்ற சத்தம் வரவில்லை.

அவர் கண்ணைத் திறக்காமல் நின்றார். வருமா என்று இன்னும் கொஞ்சம் நின்றார். காற்றுதான் வந்தது. கண் திறந்தபோது இமை நனைந்திருந்தது. போய்த் தேடினால் கட்டத்தைக் காணோம். புல்லை விலக்கிப் பார்த்தார், புதரை விலக்கிப் பார்த்தார், சிந்தாமணி அரிவாளோடு வந்தாள், ஊரே இறங்கித் தேடியது. எறிந்தது இந்தப்பக்கம்தான் என்றான் கொளஞ்சி, இல்லை அந்தப்பக்கம் என்றார் வயர்மேன். பொழுது சாயும்வரைக்கும் தேடினார்கள். கடைசியில் அங்கயற்கண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் வாய்விட்டு, “கட்டம் இல்லை” என்றார்.

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அந்த மனுசி சிரித்து ஆதிக்குறிச்சி பார்த்ததில்லை. சிரித்து முடித்து, அங்கேயே புல்லின் மேல் உட்கார்ந்து, நிலம் தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஓய்வுபெற்ற மறுவாரம் அவர் வீட்டில் இருக்கவில்லை. சேலம் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கல் சுரங்கம், வேலைக்குச் சேர்ந்த வருசம் அவர் முதன்முதலாகக் கட்டம் வீசி இல்லை என்று சொன்ன மேடு அது. ஒரு பையில் மாற்றுப்புடவையும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். இறங்கி விசாரித்தபோது, மரத்துக் கடைக்கா, நேராப் போங்க என்றார்கள். வெள்ளை வெளேரென்று கண் கூசும் பொட்டல் மேட்டின் நடுவில் ஒரே ஒரு புளியமரம், முப்பது முப்பத்தைந்து வருசத்து மரம், நின்றது. அதன் நிழல் உச்சிவெயிலில் நாலு மூலையோடு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், சதுரமாக விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள் ஒரு பெண் ஸ்டவ்வை வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தாள். லாரிக்காரர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

அங்கயற்கண்ணி வெயிலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போக அவருக்குத் தயக்கமாக இருந்தது.

டீக்காரப் பெண் ஸ்டவ்வை ஒரு சாண் நகர்த்தினாள். லாரிக்காரர் காலைச் சுருக்கிக்கொண்டார்.

“ஏம்மா வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க” என்றாள் அவள். “எடம் இருக்குது.”